பனிமலையில் ஒரு மாதம் எழுதப் போகிறவர்களுக்கு

பனிக்காலத்தில் இமயமலைக்குப் போய் எழுதப் போவதாக யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, "அறையில் விறகு அடுப்பு இருக்கிறதா?" என்பதுதான். மேசை, ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே தெரியும் சிகரம் பற்றியெல்லாம் பிறகு பேசலாம். கைவிரல் விறைத்துப்போனால் ஒரு வரி ஓடாது. நான் முதல்முறை போனபோது ஒன்பது நாட்கள் போர்வைக்குள்ளேயே கழிந்தன. நோட்டில் தேதியைத் தவிர வேறொன்றும் இல்லை. அதன்பின் இரண்டு குளிர்காலங்கள் அதே ஊருக்குப் போய், பாதியில் நின்றிருந்த நாவலை முடித்தேன். அந்த மூன்று முறையில் தெரிந்துகொண்டவற்றை, முதல்முறை கிளம்புகிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

ஊர்

என் பரிந்துரை இமாசலப் பிரதேசத்தில் குல்லு பள்ளத்தாக்கில் இருக்கும் நக்கர். மணாலியிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தெற்கே, பியாஸ் ஆற்றின் இடது கரைச் சரிவில் இருக்கிறது. உயரம் சுமார் 1,800 மீட்டர். நம் உதகமண்டலமே 2,240 மீட்டர். அதைவிடத் தாழ்வான ஊரில் பனி எப்படி விழும் என்று கேட்பார்கள். உதகை இருப்பது 11 பாகை வடக்கு அட்சரேகையில், நக்கர் 32 பாகையில். அந்த இடைவெளிதான் காரணம்.

இந்த உயரம் ஒரு வசதியும்கூட. உயரத்தால் வரும் தலைவலியும் குமட்டலும் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தொல்லை கொடுக்கும். 2020இல் அடல் சுரங்கப்பாதை திறந்தபின், மணாலிக்கு வடக்கே மலைக்கு அப்பால் இருக்கும் லாஹௌல் பக்கம் குளிர்காலத்திலும் போய்வர முடிகிறது. சுரங்கத்தைத் தாண்டியதும் வரும் சிஸ்ஸு போன்ற ஊர்களின் படங்களைப் பார்த்து மனம் அங்கே ஓடும். அங்கே உயரம் 3,000 மீட்டரைத் தாண்டுகிறது. பனி அதிகம், கடைகள் குறைவு, சாலை எப்போது அடைபடும் என்று சொல்ல முடியாது. முதல்முறை போகிறவர் ஒருநாள் பார்த்துவிட்டு வரலாம். தங்கி எழுத வேண்டாம். மணாலிக் கடைத்தெருவும் வேண்டாம். பனி பார்க்க வருகிறவர்களின் வண்டிச் சத்தம் அங்கே இரவு வரை ஓயாது.

நக்கர் பல நூறு ஆண்டுகள் குல்லு அரசர்களின் தலைநகராக இருந்த ஊர். ரஷ்ய ஓவியர் நிக்கோலஸ் ரோரிக் 1928இல் இங்கே குடியேறி, 1947இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார். அவருடைய வீடு இப்போது அருங்காட்சியகம். ஒரே பள்ளத்தாக்கின் மலைகளை இத்தனை ஆண்டுகள் பார்த்துப் பார்த்து ஒருவர் வரைந்துகொண்டே இருந்தார் என்பது, அந்த வீட்டுத் தோட்டத்தில் நிற்கும்போது எனக்குப் பெரிய தெம்பைத் தந்தது.

காலம்

பனி உறுதியாக வேண்டுமென்றால் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி இறுதிவரை. டிசம்பரில் குளிர் இருக்கும், பனி வராமலே போகலாம். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிளம்பி வரும் காற்றழுத்த மண்டலங்கள்தான் இங்கே பனியைக் கொட்டுகின்றன. வானிலை அறிக்கைகளில் இவற்றை 'மேற்கத்திய இடையூறு' என்பார்கள். அந்தச் சொல் செய்தியில் வந்தால், அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்கு விறகும் அரிசியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காலத்தைச் சொல்ல எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. மணாலிக்கு அருகே கோஷால் உள்ளிட்ட சில கிராமங்களில், நாம் பொங்கல் கொண்டாடும் மகர சங்கராந்தி நாளில் தொடங்கி 42 நாட்கள் யாரும் உரக்கப் பேசுவதில்லை. டிவி, பாட்டு எதுவும் ஒலிக்காது. கோயில் மணியும் அடிப்பதில்லை; வயல் வேலையும் நின்றுவிடும். அந்த நாட்களில் தங்கள் தெய்வங்கள் தவத்தில் இருக்கின்றன, சத்தம் அதைக் கலைத்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஒருநாள் அந்த வழியாக நடந்துபோனேன். வாசலில் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்கள். ஒரு ஊரே இப்படி அமைதி காப்பதைப் பார்த்தபின், அன்று மாலை என் கைப்பேசியை அணைத்து அலமாரியில் வைத்தேன். நீங்கள் அந்தப் பக்கம் போனால் கூட்டமாகப் போகாதீர்கள், குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள்.

அறை

இதில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். விளம்பரப் படத்தில் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி, வெளியே பனிச்சிகரம். பகலில் அழகுதான். இரவில் அந்தக் கண்ணாடி வழியே அறையின் சூடு முழுக்க வெளியேறிவிடும். நான் முதல் ஆண்டு பணம் கட்டித் தங்கியது அப்படியொரு சிமென்ட் அறையில்தான். மின் ஹீட்டர் காலுக்கு மட்டும் சூடு கொடுத்தது. மின்சாரம் போனால் அதுவும் இல்லை.

தேட வேண்டியது பழைய முறை வீடு. இந்தப் பக்கத்துக் கட்டுமானத்துக்குக் காட்குனி என்று பெயர். தேவதாரு உத்தரங்களை ஒரு வரிசை, கல்லை ஒரு வரிசை என்று மாற்றி மாற்றி அடுக்கிச் சுவர் எழுப்புவார்கள். கனமான சுவர், தாழ்ந்த கூரை, சின்ன ஜன்னல், குனிந்து நுழையும் கதவு. கீழ்த்தளத்தில் மாடுகள், மேலே மனிதர்கள். நக்கர் கோட்டை இந்த முறையில் கட்டப்பட்டதுதான். 1905 காங்க்ரா நிலநடுக்கத்தைத் தாங்கி நின்ற கட்டடம் அது. இப்படிப்பட்ட வீடுகளில் மாடியறையை மாத வாடகைக்கு விடும் குடும்பங்கள் இருக்கின்றன. பணம் கட்டும் முன் தொலைபேசியில் இவற்றைக் கேளுங்கள்:

- அறைக்குள் தந்தூர் இருக்கிறதா? (இங்கே தந்தூர் என்றால் ரொட்டி சுடும் அடுப்பு அல்ல. அறை நடுவில் நிற்கும் இரும்பு விறகு அடுப்பு. புகைக்குழாய் கூரைக்கு மேலே போகும்.) விறகு வாடகையில் சேர்ந்ததா, தனிக் காசா?
- ஜன்னல் எந்தத் திசையில்? தெற்கோ தென்மேற்கோ என்றால் சம்மதியுங்கள். நக்கர் சரிவு மேற்கு நோக்கியது. மலைமுகடு மறைப்பதால் காலை வெயில் தாமதமாகத்தான் வரும்; மாலை வெயில் கடைசிவரை கிடைக்கும். வடக்கு ஜன்னல் அறை வேண்டவே வேண்டாம்.
- தண்ணீர்க் குழாய் உறைந்துபோனால் என்ன ஏற்பாடு?
- கழிப்பறை அறையை ஒட்டியா, முற்றம் தாண்டியா? நள்ளிரவில் இந்தக் கேள்வியின் அருமை தெரியும்.

மேசை இருக்கிறதா என்று கேட்க மறந்தாலும் பரவாயில்லை. ஒரு பலகை கிடைத்தால் போதும், மடியில் வைத்துக்கொண்டு அடுப்போரமாக உட்கார்ந்துவிடலாம். நாவலின் கடைசி எட்டு அத்தியாயங்களை அப்படித்தான் எழுதினேன்.

பயணம்

டெல்லி வரை ரயிலோ விமானமோ உங்கள் விருப்பம். டெல்லி காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்திலிருந்து மணாலிக்கு இரவுப் பேருந்துகள் உண்டு. தூரம் 500 கிலோமீட்டருக்கு மேல். 12 முதல் 14 மணி நேரம் ஆகும். மணாலி வரை போகாதீர்கள். அதற்கு முன்பே பட்லிகுஹல் வரும். அங்கே இறங்கி ஆற்றைக் கடந்து டாக்ஸியில் ஏறினால் சில கிலோமீட்டர்தான் நக்கர். மலைப்பாதையில் வளைவுகள் அதிகம், இரவு வயிறு நிறையச் சாப்பிடாமல் ஏறுங்கள். ரொக்கப் பணம் கொஞ்சம் அதிகமாகவே கையில் இருக்கட்டும். பனி விழுந்து மின்சாரமும் நெட்வொர்க்கும் போய்விட்டால் கைப்பேசிப் பணம் செல்லாது.

பெட்டியில் என்ன

தடித்த ஸ்வெட்டர் ஒன்றை நம்பிப் போகாதீர்கள். மெல்லிய துணிகளை அடுக்கடுக்காகப் போடுவதுதான் முறை: உடம்பை ஒட்டித் தெர்மல் உள்ளாடை, அதன்மேல் கம்பளி, அதற்கும் மேல் காற்றும் ஈரமும் நுழையாத மேற்சட்டை. பருத்தி பனியனை உள்ளே போடாதீர்கள். ஏற்றத்தில் நடந்தால் வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே இருக்கும். நின்றதும் அந்த ஈரம்தான் நடுக்கத்தைக் கொண்டுவரும். விரல்நுனி வெட்டிய கம்பளிக் கையுறை ஒன்று அவசியம். அதைப் போட்டுக்கொண்டே எழுதலாம். காலுறையை ஊரிலிருந்து வாங்கிச் செல்ல வேண்டாம். குல்லுப் பெண்கள் கையால் பின்னும் கம்பளிக் காலுறைகள் கடைத்தெருவில் கிடைக்கும். அவற்றைவிடச் சிறந்ததை நான் போட்டதில்லை. வெளியே நடக்க, அடியில் நல்ல பிடிப்புள்ள பூட்ஸ் வேண்டும்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கிவிடும். அங்கே ஒரு மாதமும் அது கல்லாகத்தான் இருக்கும், எனவே வாயகன்ற டப்பாவில் கொண்டுபோங்கள். உதட்டுக்கும் குதிகாலுக்கும் தினமும் தேவைப்படும். சின்ன பிரஷர் குக்கரும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு எளிதில் வேகாது. வெந்நீர்ப் பை ஒன்று, தலையில் மாட்டும் டார்ச் ஒன்று, நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள் ஒன்றரை மாதத்துக்கு. ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் கிளம்ப வேண்டாம்.

முதல் மூன்று நாட்கள் எழுதாதீர்கள்

இதை நான் உறுதியாகச் சொல்கிறேன். அந்த மூன்று நாட்களில் கற்க வேண்டியது நெருப்பு மூட்ட.

பழைய வீட்டுக்கு நான் மாறிய முதல் மாலை, அடுப்பு நிறைய விறகை அடைத்துவிட்டு அரை மணி நேரம் ஊதிக்கொண்டிருந்தேன். அறை முழுக்கப் புகை. வீட்டுக்கார அம்மாஜி படியேறி வந்தார். எதுவும் சொல்லாமல் கட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துத் தரையில் வைத்தார். "இவ்வளவு நெருக்கி அடைத்தால் எங்கே மூச்சு விடும், பேட்டா?" என்றார். அடியில் கசக்கிய காகிதம். அதன்மேல் பிசின் ஊறிய பைன் சிராய் நாலு, விரல் தடிமன்தான். அதற்கு மேல் சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாக, இடையில் காற்று போகும்படி. கீழ்க் கதவை முழுக்கத் திறந்து வைத்துத் தீக்குச்சியைக் கிழித்தார். சிராய் பற்றியதும் பொரியும் ஓசை, அடுத்து குழாயில் 'ஹூ' என்று ஓர் இரைச்சல். அந்த இரைச்சல் வந்தபிறகுதான் பெரிய கட்டை ஒன்றை வைத்து, கீழ்க் கதவைப் பாதி சாத்தினார். பத்து நிமிடத்தில் நான் ஜாக்கெட்டைக் கழற்றினேன்.

ஈர விறகு புகையும், குழாயில் தார் போலப் படியும். காய்ந்ததாகக் கேட்டு வாங்குங்கள். குளிர்காலத்தில் ஆப்பிள் மரங்களைக் கவாத்து செய்வார்கள். அந்தக் கிளைகள் காய்ந்து கிடைத்தால் விடாதீர்கள், நின்று எரியும். அடுப்பின் மேல் எப்போதும் ஒரு கெட்டில் தண்ணீர் இருக்கட்டும். தேநீருக்கும் ஆகும், அறைக் காற்று வறண்டுபோகாமலும் இருக்கும்.

உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். குழாய் இல்லாத அங்கீட்டியை, அதாவது கரி போட்ட கணப்புச் சட்டியை, மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு ஒருபோதும் தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. வட இந்தியாவில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இப்படிக் குடும்பம் குடும்பமாக இறந்துபோன செய்தி வருகிறது. குழாய் உள்ள தந்தூராக இருந்தாலும் குழாய் இணைப்பில் புகை கசிகிறதா என்று முதல் நாளே பாருங்கள். ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். தூங்கும் முன் நெருப்பை அணைய விடுங்கள். இரவுக்கு ரஜாயும் (பஞ்சு அடைத்த கனமான போர்வை) வெந்நீர்ப் பையும் போதும்.

மற்றவை சின்ன விஷயங்கள். மாலையிலேயே வாளிகளில் தண்ணீர் பிடித்து வையுங்கள். இரவில் குழாயை நூலளவு சொட்ட விட்டால் உறைவது குறையும். விறைத்த கைகால்களை நேராக நெருப்பில் காட்டாதீர்கள். விரல்கள் சிவந்து வீங்கி நமைச்சல் எடுக்கும். முதலில் துணியால் சுற்றி மெல்லச் சூடாக்குங்கள். தாகம் தெரியாது என்பதால் தண்ணீர் குடிக்க மறந்துவிடுவோம், அதனாலேயே தலை வலிக்கும்.

எழுதும் நேரம்

ஜனவரியில் வெளிச்சம் வர ஏழு மணிக்கு மேலாகிவிடும். மாலை ஐந்தரை, ஐந்தே முக்காலுக்குப் பொழுது சாய்ந்துவிடும். என் அறைச் சுவரில் வெயில் விழ ஒன்பதரை ஆகும். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து எழுதும் பழக்கம் உள்ளவர்கள் அதை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அந்த நேரத்தில் அடுப்பு மூட்டி அறை சூடாவதற்குள் பாதி மனம் கரைந்துவிடும்.

எனக்குச் சரிப்பட்ட ஏற்பாடு இது. எட்டு மணிக்கு நெருப்பு, தேநீர். ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரை அடுப்போரம் எழுத்து. பிறகு சாப்பாடு. ஒரு மணியிலிருந்து மூன்று வரை வெயில்: வாசலில் உட்காருவது, நடப்பது, துணி உலர்த்துவது, ஊர்க்காரர்களோடு பேசுவது. இந்த இரண்டு மணி நேரத்தை எழுத்துக்குத் தரவே மாட்டேன். வெயில் படாத நாள் மனதைச் சோர்வில் தள்ளிவிடுகிறது. மாலை ஐந்து முதல் ஏழு வரை காலையில் எழுதியதைத் திருத்துவது. ஒன்பது மணிக்கு ரஜாய்க்குள் போய்விடலாம். மொத்தம் ஐந்தரை மணி நேரம்தான். ஒரு மாதம் விடாமல் செய்தால் நிறையவே சேரும்.

புதிதாக ஒன்றைத் தொடங்கப் போகாதீர்கள். பாதி எழுதியதை, குறைந்தது முழு வரைபடம் கையில் உள்ளதைக் கொண்டுபோங்கள். புதிய ஊர், புதிய குளிர், புதிய மொழி எல்லாவற்றோடும் சேர்ந்து புதிய கதையையும் தொடங்குவது பெரும்பாடு. இன்னொன்று, பனி தன்னைப் பற்றியே எழுதச் சொல்லும். அதற்கென்று தனி நோட்டு ஒன்று வைத்து இரவில் பத்து வரி எழுதிவிடுங்கள், காலை வேலைக்குள் விடாதீர்கள். என் நாவல் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டில் நடப்பது. ஊரில் இருந்தபோது சித்திரை வெயிலை எழுதினால் எழுதினதுபோலவே இருக்காது. இங்கே கால் விறைக்க உட்கார்ந்திருந்த ஒரு காலையில், பருத்திமார் கட்டைத் தலையில் சுமந்து பாளம் பாளமாக வெடித்த மண்ணில் நடக்கிற பெண்ணின் உள்ளங்கால் சூடு எனக்குத் தெரிந்தது. அந்த அத்தியாயத்தை அதன்பிறகு திருத்தவேயில்லை.

கருவிகள்

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே மடிக்கணினியையோ கைப்பேசியையோ சார்ஜ் போடுவது பேட்டரியைக் கெடுக்கும்; அறை சூடானபின் போடுங்கள். இரவில் கைப்பேசியைப் போர்வைக்குள் வைத்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து சூடான அறைக்குள் கொண்டுவந்த கணினியை உடனே திறக்காதீர்கள். உள்ளே ஈரம் பூக்கும். பையிலேயே ஒரு மணி நேரம் இருக்கட்டும். பந்துமுனைப் பேனா மை குளிரில் கெட்டிப்பட்டு விட்டு விட்டு எழுதும். பென்சில் மட்டும்தான் எந்தக் குளிரிலும் கைவிடாதது. ஒரு டஜன் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதியதை முடிந்தால் ஊரிலேயே அச்செடுத்து வாருங்கள். மின்சாரம் போன மூன்று நாட்களில் நான் காகிதத்தில் செய்த திருத்தம்தான் நாவலின் ஆகச் சிறந்த திருத்தம்.

பனி விழும் நாள்

கண் விழித்ததுமே தெரிந்துவிடும். வெளிச்சம் கீழிருந்து மேலாக வந்து கூரைப் பலகையில் வெள்ளையாகப் படிந்திருக்கும். நாய் குரைப்புகூடத் தூரத்தில் கேட்பதுபோல இருக்கும். இடையிடையே தேவதாருக் கிளை தாங்காமல் உதிர்க்கும் பனி 'தொப்' என்று விழும். முதல் பனி நாளில் எழுத உட்காராதீர்கள், போய்ப் பாருங்கள். ஆனால் கூரை விளிம்புக்குக் கீழே நிற்காதீர்கள். கற்பலகைக் கூரையிலிருந்து பனி மொத்தமாகச் சரிந்து விழும். பனி விழுந்த மறுநாள்தான் இன்னும் கவனம் வேண்டும்: உருகி, இரவில் உறைந்து கண்ணாடியாகிவிட்ட படிகளில் எலும்பு முறியும். அடுப்புச் சாம்பலைத் தூவி, பாதத்தை முழுதாகப் பதித்துச் சின்னச் சின்ன அடியாக நடங்கள்.

அன்று வீட்டில் சித்து செய்வார்கள். புளிக்கவைத்த கோதுமை மாவுக்குள் அரைத்த வால்நட்டோ கசகசாவோ வைத்து ஆவியில் வேகவைத்தது. பிளந்து நெய் ஊற்றித் தருவார்கள். நம் பூரணக் கொழுக்கட்டையின் உறவுக்காரர் என்று தோன்றும், ஆனால் காரம். மற்ற நாட்களில் ராஜ்மாவும் சோறும். புளி, மிளகாய்ப்பொடி, ரசப்பொடி கொண்டுபோனால் வாரம் ஒருமுறை ரசம் வைத்துக்கொள்ளலாம். நான் அம்மாஜிக்கும் ஒரு டம்ளர் கொடுத்தேன். இருமலுக்கு நல்லது என்று மறுநாளும் கேட்டார்.

திரும்பும்போது

டிக்கெட்டை நெருக்கிப் போடாதீர்கள். பனியோ மண்சரிவோ சாலையை அடைத்தால் இரண்டு நாள் தள்ளிப்போகும். டெல்லியில் ரயிலேறும் நாளுக்கு முன் அந்த இரண்டு நாட்களைக் கையிருப்பாக வையுங்கள். எழுதியதன் நகல் ஒன்று கணினியில், ஒன்று பென் டிரைவில், காகிதங்கள் தண்ணீர் புகாத உறையில், கைப்பையில். பெட்டியில் வேண்டாம், பேருந்தின் அடியில் இருக்கும் சாமான் அறைக்குள் பனித்தண்ணீர் புகுந்ததை நான் பார்த்திருக்கிறேன். கிளம்பும் காலையில் அடுப்பை ஆறவிட்டுச் சாம்பலை வழித்தெடுங்கள். அதை எங்கே கொட்டுவது என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். எங்கள் அம்மாஜி தோட்டத்தில் மூன்றாவது ஆப்பிள் மரத்தைக் காட்டினார்.